ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம்

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதில் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மோதிரங்கள் வந்த ஆண்டில்தான் அப்பா குதிரையிலிருந்து விழுந்தார் என்று சோயொல்மா சொல்வாள். அதற்கும் முந்தைய குளிர்காலம் என்பாள் அவள் மகள் மிஷெல். பதிவுகளை எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்தான். ஆனால் அந்தப் பதிவுகளிலிருந்து எது வெட்டப்பட்டது என்பதே இங்கே விஷயம். அவற்றை நம்புவதும் ஞாபகத்தை நம்புவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சைதாம் வடிநிலத்தில், உப்புப் படுகைகளுக்கு வடக்கே ஆடு மேய்த்து வாழும் மங்கோலியர்கள் அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் பேச்சை அனுப்பிக்கொண்டது இணக்கி வழியாக. இணக்கிக்கு ஒரே ஒரு வேலை. யாரும் தமக்குப் பழகிய விதத்தில் சொல்லலாம். கேட்கிறவர் தமக்குப் பழகிய விதத்தில் பெற்றுக்கொள்ளலாம். நடுவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதை அது பார்த்துக்கொள்ளும்.

அப்படியொன்று தேவைப்படத்தான் செய்தது. சின்னக் கூட்டம் அது. அதற்குள் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோயொல்மாவின் தாத்தா வானொலியில் தம் மொழிச் செய்தி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுவார். அத்துடன் அவருக்கு உலகம் அன்றைக்கு முடிந்துவிடும். அவள் அப்பா பல்ஜிரின் இளமையில் கைப்பேசி வந்தது. மேலிருந்து கீழாக எழுதும் அவர்களுடைய எழுத்து அந்தச் சின்னத் திரையில் சரியாக உட்காரவில்லை. அதனால் யாரும் எழுதவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினார்கள். ஒரு குரல்துண்டு அறுபது வினாடிக்கு மேல் போகக் கூடாது என்று அப்போது ஒரு வரம்பு இருந்தது. சோயொல்மா நடை பழகுவதற்கு முன்பே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். பல்ஜிரின் நுரையீரலுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை. எழுபத்தெட்டு வயதிலும் அறுபதாவது வினாடியில் அவர் தொண்டை தானாக மூடிக்கொள்ளும்.

சோயொல்மாவின் வயதுக்காரர்கள் காட்சித்துணுக்குகளில் வளர்ந்தவர்கள். படம் இல்லாத குரலை அரை நிமிடம் கேட்டால் அவர்கள் மனம் வேறெங்கோ போய்விடும். மிஷெலின் கூட்டாளிகளுக்கோ குரலும் வேண்டாம், படமும் வேண்டாம். விரலில் ஒரு நிறமோதிரம். பச்சையாக ஒளிர்ந்தால் எல்லாம் நலம். மஞ்சள் என்றால் முடிந்தபோது கூப்பிடு. சாம்பல் நிறமாகி விரலை இறுக்கினால், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பு.

இப்படியாகப் பல்ஜிர் தம் குளிர்கால வீட்டிலிருந்து மூன்று குரல்துண்டு பேசுவார். மாவட்ட நகரத்தில் சோயொல்மா அதைப் பன்னிரண்டு வினாடிப் படமாகப் பார்ப்பாள். புல்வெளியில் அப்பா நின்று பேசுவார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரை நகரத்தில், பாலங்களைச் சோதிக்கும் படிப்பு படித்துக்கொண்டிருந்த மிஷெலின் விரலில் ஒரு பச்சைத் துளி ஒளிர்ந்து அணையும். பதிலுக்கு அவள் மோதிரத்தை இரண்டு முறை அழுத்துவாள். அது பல்ஜிரின் வீட்டில் அவள் குரலாகவே ஒலிக்கும். ஆட்டை, ஒட்டகத்தை, முழங்கால் வலியை ஒவ்வொன்றாக விசாரிக்கும்.

"என் பேத்தி இவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டாள்" என்று பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்காரர் லாம்ஜாவிடம் சொல்லிச் சிரிப்பார் பல்ஜிர். சிரித்துவிட்டு இன்னொரு முறை கேட்பார்.

சோயொல்மாவுக்கு வேலையே இணக்கி நிலையத்தில்தான். மங்கோலியப் பிரிவில் அவள் ஒருத்தி மட்டும். மாற்றும்போது பொருள் கெடுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. பெரும்பாலும் கெடவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த ஜனங்களுக்குப் பேச்சில் ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வந்தவர், "சேதி என்ன?" என்று கேட்பார். "அமைதி" என்று பதில் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் கூடாரம் எரிந்துகொண்டிருந்தாலும் அமைதிதான். பிறகு ஆடுமாடு, புல், பனி. பிறகு உப்புப் போட்ட பால் தேநீர் ஊற்றப்படும். அது ஆறுகிற வரை யாரும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்கப்புறம்தான் வரும். அதுவும் நேராக வராது. தன் கஷ்டத்தைத் தூக்கி எதிரே இருப்பவர் மடியில் போடுவது அநாகரிகம்.

இந்த முறையை அப்படியே கைப்பேசிக்குள் கொண்டுபோயிருந்தார்கள் பல்ஜிரின் வயதுக்காரர்கள். முதல் துண்டு விசாரிப்பு. இரண்டாவது துண்டில் ஆடும் பனியும். அப்புறம் கைப்பேசியை மூடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். பிறகு மூன்றாவது துண்டு. சில நாள் அது இருக்காது.

குதிரையிலிருந்து விழுந்த அன்று பல்ஜிர் அனுப்பிய மூன்றாவது துண்டு மிகச் சிறியது. "செம்பழுப்புப் பெண்குதிரை இன்றைக்குத் தனியாகவே வீடு வந்து சேர்ந்தது. சேணம் வயிற்றுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல புத்தியுள்ள மிருகம்."

அந்தப் பக்கத்தில் யார் காதில் விழுந்திருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். இணக்கி நடுவிலிருந்த மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு மூன்றையும் ஒட்டியது. சரிவில் ஒரு குதிரை பிடரியில் வெயில் பட இறங்கி வருவதை சோயொல்மா பார்த்தாள். அழகாக இருந்தது. மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு சிரிப்பை அனுப்பினாள். மிஷெலுக்குப் பச்சைத் துளி போயிற்று.

ஐந்தாம் நாள் லாம்ஜாவ், இரவல் வாங்கிய கம்பிக் குறடைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்தே சோயொல்மாவைத் தம் பழைய கைப்பேசியில் நேரடியாக அழைத்தார்.

"உன் அப்பா ஐந்து நாளாக ஒரு கையால் மாவு பிசைகிறார், தாயே. கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது. ரொட்டி ஆட்டுக்காது மாதிரி வந்திருக்கிறது. நீ அனுப்பிய சிரிப்பை எனக்கும் போட்டுக் காட்டினார்."

எலும்பு கூடியது. சோயொல்மாவின் மனம் கூடவில்லை. அப்பாவின் வெட்டப்படாத பதிவை எடுத்து முழுதாகக் கேட்டாள். இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பதினொரு நிமிடம். அடுப்பில் காய்ந்த சாணி வெடிக்கும் சத்தம், கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம், கொஞ்சம் மூச்சு. அவ்வளவுதான். பிறகு மற்ற முதியவர்களின் பதிவுகளையும் கேட்டாள். ஒரு மாதம் இதே வேலை. தேநீர் ஆறுவதற்கு ஏழு நிமிடம் ஆகும், குடிக்க இரண்டு. அதற்கு மேலும் மௌனம் நீண்டால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கெட்ட சேதி பக்கவாட்டில் வந்து நின்றது. எப்போதும்.

அப்படித்தான் மௌன விதி உண்டாயிற்று. கைப்பேசி திறந்திருந்து, பேச்சு ஒன்பது நிமிடத்துக்கு மேல் நின்றால், பிள்ளைகளுக்குச் சாம்பல் துளி போகும். தலைமையகத்துப் பொறியாளர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒரு ஜனத்தின் நாகரிகத்தை இயந்திரத்துக்குச் சொல்லித்தருவதைவிட ஒன்பது நிமிடத்தை அளக்கச் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் விதி நன்றாக வேலை செய்தது. உப்பேரிக் கரையில் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிய ஒரு மூதாட்டியை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. பனியில் மந்தையைத் தொலைத்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை மகன் வந்து பார்த்தான். யாரோ சோயொல்மாவின் அலுவலகத்துக்கு மரியாதைக்கு அணிவிக்கும் நீலப் பட்டுத்துணியும் ஓர் ஆட்டுத் தொடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தொடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள்.

வசந்தத்தில் ஒரு நாள் நடுப்பகல், மிஷெல் தன் கடைசித் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வறையில் மோதிரங்களை அடக்கிவிடுவார்கள். சாம்பலுக்கு மட்டும் விலக்கு. விரல் இறுகியது. பார்த்தாள். எழுந்தாள். தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். இரண்டு ரயில், ஒரு லாரி, இரண்டு நாள். தாத்தா வீட்டை அடைந்தபோது பல்ஜிர் வாய் நிறைய ஆணிகளோடு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தாத்தா, உங்களுக்கு என்ன ஆயிற்று?"

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். அன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார்.

"வெயில் இதமாக இருந்தது" என்றார். "தூங்கிவிட்டேன்."

மிஷெல் சிரித்தாள். கொஞ்சம் அழுதாள். நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் திரும்பிப் போனாள். ஒரு வருடம் போய்விட்டதையும், அடுத்த வசந்தத்தில்தான் மறுபடி எழுத முடியும் என்பதையும் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். ஆனால் லாம்ஜாவுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தில் எதுவும் நடப்பதில்லை. அவருக்குத் தெரிந்தால் பல்ஜிருக்குத் தெரிந்த மாதிரிதான்.

அன்றிலிருந்து பல்ஜிர் மௌனமாக இருப்பதை நிறுத்தினார்.

அவர் மட்டுமல்ல. மற்ற வீடுகளிலும் இதே கதை. மகன் சண்டை போட்டான், மருமகள் விடுப்பு எடுத்தாள், பேரன் விமானம் ஏறினான். எல்லாம் ஒரு கிண்ணம் தேநீருக்காக. வெட்கப்பட்டுப்போன முதியவர்கள் இரண்டாவது துண்டு முடிந்ததும் மூச்சு விடாமல் எதையாவது பேச ஆரம்பித்தார்கள். லாம்ஜாவ் மட்டும் இதற்கு நேர் எதிர். மாகாணத் தலைநகரில் இருந்த அவர் மகன் மூன்று வருடமாக வரவில்லை. ஒரு நாள் கைப்பேசியைத் திறந்து வைத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் மகன் ஒரு மருத்துவரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது ஆட்டுக்கறி வெந்து தயாராக இருந்தது.

"பேசிப் பேசிப் பார்த்தேன், வரவில்லை. பேசாமல் இருந்தேன், வந்துவிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சோயொல்மா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கத்தான் செய்தாள். அப்பா இப்போது கலகலப்பாகிவிட்டார் என்று நினைத்தாள். படங்களில் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பின்னால் மந்தை நிறைந்து நின்றது. கோடை போயிற்று. இலையுதிர்காலமும் குளிர்காலமும் போயின. மோதிரங்களில் பச்சை, பச்சை, பச்சை. வேலை நிறைய இருந்தது. களைப்பாகவும் இருந்தது. நன்றாக இருப்பவரைப் போய்ப் பார்க்க அவசரம் என்ன?

வருடத்துக்கு ஒருமுறை வெட்டுத்துண்டுகளைச் சோதிக்க வேண்டும். இணக்கி வேண்டாம் என்று கழித்தவை எல்லாம் அங்கே குவிந்திருக்கும். அந்த வசந்தத்தின் தொடக்கத்தில் சோயொல்மா மதியச் சாப்பாட்டை மேஜையில் வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்க உட்கார்ந்தாள். பெரும்பாலானவற்றின் மேல் 'நிரப்பொலி', அதாவது பொருளில்லாத பேச்சு, என்று குறிப்பு. ஒரு கிழவர் தேயிலைக் கட்டியின் உறையில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு பெண்மணி தன்னிடம் இருந்து இறந்துபோன ஒட்டகங்களின் பெயர்களையெல்லாம் சொன்னார்.

அவள் அப்பா ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சோயொல்மாவுக்கு ஆச்சரியம். தம் மந்தையில் எத்தனை தலை என்று கூடப்பிறந்த தம்பிக்குக்கூடச் சொல்லாத மனிதர். ஜன்னல் வழியாகப் பட்டியைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறார் போலிருக்கிறது. ஒன்று, இரண்டு என்று சீராக, அறுபது வினாடிக்கு ஒருமுறை தொண்டை அடைத்து, திரும்பத் தொடர்ந்து. இருநூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. நன்றாக இருந்தது கேட்பதற்கு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அடுத்ததும் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்ததும் அதுவே. இலையுதிர்காலத்துத் துண்டு ஒன்று நூற்று எண்பத்தெட்டில் நின்றது. தவறி எண்ணிவிட்டார் என்று நினைத்தாள். அடுத்தது நூற்று ஐம்பத்தொன்று.

கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

தொண்ணூற்றாறு. அறுபத்து நான்கு. நேற்றையது இருபது. ஓநாய் அடித்தால் இப்படிக் குறையாது. விற்றால் ஒரே நாளில் லாரி வந்து ஏற்றிப்போகும். நேற்று வந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் மந்தை நிறைந்து நின்றது. எந்த வருடத்து ஆடுகளையோ இணக்கி எடுத்து அங்கே நிறுத்தியிருந்தது.

மூன்று மணி நேரப் பாதை. வழியில் லாம்ஜாவின் மந்தை சாலையைக் கடந்தது. வண்டியை நிறுத்தினாள். அவள் அப்பாவின் ஆடுகளுக்கு இடக்காதில் ஒரு வெட்டு அடையாளம். லாம்ஜாவின் ஆடுகளுக்கு வலக்காதில் துளை. அவள் முன்னால் நடந்துபோன ஆடுகளில் பலவற்றுக்கு இரண்டும் இருந்தன. சிலவற்றின் வலக்காதில் காயம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

மந்தைக்குப் பின்னால் வந்த லாம்ஜாவ் அவளைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் ஒரு கேலி சொல்லும் மனிதர் அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சத்தியம் வாங்கிக்கொண்டார்" என்றார். "போ, தாயே."

பல்ஜிர் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். அங்கி அவர் உடம்பைச் சுற்றி இன்னொரு ஆளுக்கும் இடம் இருப்பது போல் தொளதொளத்தது. கைப்பேசி பக்கத்தில் திறந்திருந்தது. அன்றைய இரண்டாவது துண்டை அப்போதுதான் முடித்திருந்தார்.

"சேதி என்ன, அப்பா?"

"அமைதி."

"ஆடுகள்?"

"கொழுத்திருக்கின்றன." யாருடையவை என்று சொல்லவில்லை.

"பனி?"

"உருகிக்கொண்டிருக்கிறது."

அவள் தேநீர் ஊற்றினாள். அவர் கண் கைப்பேசிக்குப் போயிற்று. வாய் திறந்து, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார்.

"எண்ண வேண்டாம், அப்பா. நான் இங்கேதான் இருக்கிறேன்."

அவர் நிறுத்தினார். நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல் தோள் தளர்ந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுப்பில் சாணி வெடித்தது. கூரையிலிருந்து உருகிய பனி சொட்டியது. தேநீர் ஆறியது. குடித்தார்கள். அதற்குப் பிறகும் பேசவில்லை. கைப்பேசியை இருவரும் மறந்திருந்தார்கள்.

"இந்த வருடம் ஒரு குட்டிக்கும் என் அடையாளத்தைப் போடவில்லை" என்றார் பல்ஜிர்.

சோயொல்மா தலையசைத்தாள். எந்த உறுப்பு, எத்தனை நாள், மருத்துவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அதற்கு அவசியம் இருக்கவில்லை.

அப்போது கைப்பேசியில் மிஷெலின் குரல் ஒலித்தது. மரியாதையான, கனிவான, இணக்கி செய்த குரல். தாத்தா நலமா, மோதிரம் சாம்பலாக இருக்கிறதே, சேதி என்ன என்று அது கேட்டது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண் விரலைப் பார்த்துக்கொண்டு, கிளம்பலாமா என்று நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அதற்குப் பொருள்.

பல்ஜிர் மகளைப் பார்த்தார்.

"குழந்தைக்கு எப்போது பரீட்சை?"

"நாளை."

அவர் பார்வையை எடுக்கவில்லை. கெட்ட சேதியை யாரும் இனி மறைக்க முடியாதபடி செய்தவள் அவள்தான். ஓர் ஆட்டுத் தொடை அதற்காக அவள் ஜன்னலில் தொங்கியது. அவள் கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

"அமைதி" என்றாள்.

ஆடுகள் கொழுத்திருக்கின்றன, பனி உருகுகிறது என்று இரண்டாவது துண்டையும் சொன்னாள். மூன்றாவது துண்டுக்கு அவளிடம் ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்தினால் நிறம் மாறும். விதியை எழுதியவளுக்கு அது எத்தனை நிமிடத்தில் என்று தெரியும். மிஷெல் இன்னும் சிறிது நேரம் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் தெரியும். வெறுமையான பட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பல்ஜிர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நூற்று நாற்பதை அவள் விட்டுவிட்டபோது ஒரு கண்ணைத் திறந்தார். அவள் திரும்பப் போய் அதைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினாள். கடற்கரை நகரத்தில் துளி பச்சையாயிற்று.

மிஷெல் மறுநாள் தேர்வு எழுதினாள். தேறினாள். இப்போது அந்நகரத்தில் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். பல்ஜிர் தேர்வுக்கு அடுத்த ஐந்தாம் நாள் காலையில் இறந்தார். மிஷெல் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாள். அந்தப் பச்சைத் துளியைப் பற்றி அவள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டாள், மறுபடி கேட்கவில்லை. மௌன விதியை மறு வருடம் எடுத்துவிட்டார்கள். முதியவர்கள் பேசும் பழக்கத்தை விடவில்லை. சோயொல்மா அதே பிரிவில் இருக்கிறாள். வெட்டுத்துண்டுகளை வாரம் ஒருமுறை கேட்கிறாள், அதற்கு யாரும் அவளைப் பணிக்கவில்லை. லாம்ஜாவின் மகன் இன்னும் இரண்டு சாம்பல் துளிக்கு வந்தான், மூன்றாவதற்கு வரவில்லை. பல்ஜிரின் ஆடுகள் லாம்ஜாவிடம் இருக்கின்றன. இரண்டு காதிலும் அடையாளம் இருப்பதால், மந்தையில் அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம்.